தபசு மரம், இரண்டாம் பதிப்பு

மலைப் பேருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆலங்காயத்தில் ஏறும்போதே சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வேன். ஜமுனாமரத்தூர் வருவதற்குள் அதை முகர்ந்து முகர்ந்து தோல் வாடிவிடும். இதைச் சொல்லக் காரணம் உண்டு, ஐயா. 1974 பங்குனியில் மூன்று மணிப் பேருந்தைத் தவறவிட்டு, இருட்டில் அந்த வளைவுகளில் இறங்கியிருந்தால் எனக்கு நான்கு தரம் வாந்தி வந்திருக்கும். வேறொன்றும் நடந்திருக்காது.

நீங்கள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆகவே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெபதுரை. ஆலங்காயத்தில் தமிழாசிரியர். நாடகம், கூத்து, நடிப்பு, இவற்றின் வரலாறுதான் எனக்கு எல்லாம். கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் எழுந்து போனார்கள். எல்லா நாற்காலியிலும் நாடக நோட்டீசுகள் கிடந்தன. சென்னையில் இருக்கிறவர்கள் நாடக வரலாறு எழுதினால் சென்னையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் பதினோரு வருஷம் சைக்கிளிலும் காலிலும் அலைந்தேன். எந்த ஊரில் யார் எந்த வேஷம் கட்டினார், கிரீடம் எத்தனை அங்குலம், திரையை யார் பிடித்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்து 'மலையடிவார மேடைகள்' என்ற நூலை எழுதினேன். வாணியம்பாடியில் அச்சகம் வைத்திருக்கும் சக்கரவர்த்தி 1975இல் அதை வெளியிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முந்நூறு பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. கடைசிப் பன்னிரண்டு பக்கத்தைப் படித்தவர்கள் மறக்கவில்லை.

அந்தக் கடைசி அத்தியாயம் நெல்லிமரக்கொல்லையைப் பற்றியது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. அங்கே எட்டு வருஷத்துக்கு ஒரு முறை பாரதக் கூத்து. அர்ச்சுனன் சிவனிடம் அஸ்திரம் வாங்கத் தவம் செய்கிற நாளில், காட்டிலிருந்து நெடிய மரம் ஒன்றை வெட்டிவந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, படிக்கட்டைகள் அடித்து நடுவார்கள். அதுதான் தபசு மரம். அர்ச்சுனன் வேஷக்காரர் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சிப் பலகையில் அசையாமல் தவம் இருந்துவிட்டு, பூவும் எலுமிச்சம்பழமும் கீழே எறிவார்.

1974இல் நான் போய்ச் சேர்ந்தபோது ராஜாக்கண்ணு என்கிற வேஷக்காரர் ஏற்கெனவே உச்சியில் இருந்தார். கீழே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவருடைய மனைவி கெங்கம்மாள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தாம்பாளத்தில் அவளுடைய தாலி. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்த ஒரு கிழவியைக் கேட்டேன்.

"வாய்க்கரிசி போட்டாச்சு சார். இனிமே அவரு நம்மாளு இல்ல. யாரும் தொடக் கூடாது" என்றாள்.

அண்ணாந்து பார்த்தேன். மனிதர் பலகையில் சாய்ந்தபடி இருந்தார், இமைகூட அசையவில்லை. நான் கிறிஸ்தவன். எங்கள் சபையில் ஆள் இறந்த பிறகுதான் அழுவோம். பாட்டை முடித்துப் பலகையிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். மணி ஒன்றேகால். பேருந்துக்கு ஓடினேன்.

அந்த ஊரில் ஏறப் போகிறவரை முதலில் சாகடித்துவிடுவார்கள் என்பது எனக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் தெரியும். சாமியிடம் போகிறவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாதாம். அதனால் அரிசி, தாலி எல்லாம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும், ஒப்பாரி மட்டும் அவர் உச்சிக்குப் போன பிறகும் தொடரும். இறங்கி மண்ணில் கால் வைத்ததும் பூசாரி "நீ யாரு?" என்று கேட்பார். பெயரைச் சொன்னதும் தாலியை மறுபடி கட்டி, ஊருக்கெல்லாம் சோறு போடுவார்கள். இதெல்லாம் நான் போன பிறகு நடந்திருக்கிறது.

ஆனால் அத்தியாயம் நன்றாக அமைந்துவிட்டது. கூத்தாடியின் சாவை அப்படி யாரும் எழுதியதில்லை என்று பேராசிரியர்கள் கடிதம் போட்டார்கள். மதுரையில் ஒரு கருத்தரங்கில் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் நானே படித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மரத்திலிருந்து வந்தவனை யாரும் தொடுவதில்லை, தண்ணீரும் தருவதில்லை, அவன் இறைவனுடைய பொருள்" என்று ஒரு வரி. அதற்கு மட்டும் கை தட்டினார்கள். கிழவி சொன்னது பாதி, மீதி ஓசைக்காக நான் சேர்த்தது.

1981 ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலில் ஒருவர் சாமை மூட்டையோடு நின்றிருந்தார்.

"நீங்கதான் ஜெபதுரை சாருங்களா? நான் ராஜாக்கண்ணு. நெல்லிமரக்கொல்ல."

ஒரு நாற்காலியில் கிடந்த நோட்டீசுகளை எடுத்துவிட்டு உட்கார வைத்தேன். அவர்தான் பேசினார். அவருடைய மகள் அம்சவல்லி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே நூலக அலமாரியில் என் நூல் இருந்திருக்கிறது. லீவுக்கு வந்தபோது எடுத்துவந்து ஊரைக் கூட்டிவைத்துப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"ரொம்ப நல்லா எய்திகீறீங்க சார். நான் சாவுற எடத்துல நானே அழுதுட்டேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "ஆனா அன்னிக்கி நான் எறங்கிட்டேன் சார். ரெண்டு தரம் சோறு வாங்கித் துன்னேன்."

அவர் கேட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். வயதான கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார். சென்னை அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தது. நெல்லிமரக்கொல்லை ராஜாக்கண்ணு 1974இல் இறந்துவிட்டதாக ஆதாரமுள்ள நூல் இருக்கிறது, ஆள்மாறாட்டம் செய்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. அந்தக் கடிதத்தை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"முட்டி தேஞ்சு போச்சு சார். கொல்லையில குனிஞ்சு வேல செய்ய முடில. நான் உசுரோட கீறேன்னு ஒரே ஒரு வரி எய்திக் குடுங்க. உங்க கையெய்த்துன்னா நம்புவாங்க."

காப்பி கொடுத்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு தரமும் புளியோ தேனோ ஏதாவது கொண்டுவந்தார், நானும் வாங்கிக்கொண்டேன். ஆதாரங்களைச் சரிபார்க்கிறேன் என்று சொன்னேன். எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற மனிதரிடம் அதைச் சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. அவர் தலையாட்டினார். சரிபார்ப்பது என்றால் நாள் ஆகும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல்கலைக்கழகம் என் கடைசி அத்தியாயத்தைப் பாடமாக வைத்தது. இரண்டாம் பதிப்புக்கு சக்கரவர்த்தி காகிதம்கூட வாங்கிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். விஷயத்தை அவரிடம் மட்டும் சொன்னேன்.

"இது இன்னா சார் பெரிய விசயம்? ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு உள்ள ஒட்டிர்லாம். 'ராஜாக்கண்ணு நலமாக உள்ளார், பிழைக்கு வருந்துகிறோம்'னு போட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அச்சுக் கோப்பவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை மூன்று நாள் யோசித்தேன். மதுரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் இனி அப்படித்தான் சிரிப்பார்கள். எனக்குப் பயம் அதுதான், ஐயா. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேட வேண்டாம். ராஜாக்கண்ணு மேல் எனக்குக் கோபம் துளியும் கிடையாது. அவரைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.

எட்டு வருஷக் கணக்குப்படி 1982 பங்குனியில் மறுபடி கூத்து வந்தது. நானே நெல்லிமரக்கொல்லைக்குப் போனேன். சென்னை அதிகாரியை நேரில் வரவழைக்கிறேன், அவர் கண்ணெதிரே ராஜாக்கண்ணு மரம் ஏறட்டும் என்றேன்.

"கடுதாசி எழுதினா சந்தேகப்படுவாங்க. நேர்ல பாத்துட்டா ஒரு பேச்சுப் பேச முடியாது" என்றேன்.

ராஜாக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார். கெங்கம்மாளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"முட்டி போன ஆளு சார் அது. எங்க தங்கச்சி மவன் ஏறட்டும். இவரு கீய நின்னு பாடட்டும்."

"அப்ப எட்டு வருஷம் முன்னாடி ஏறினவர் இவர்தான்னு அதிகாரிக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான்.

மரத்தை நடுவதற்கு முன் மூன்று நாள் கிடத்தி வைத்திருப்பார்கள். கோபால்சாமி என்பவர்தான் துளையிட்டுக் கட்டை அடிக்கிறவர். இரண்டாம் பதிப்புக்காக நான் மரத்தை அளந்தேன். நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு அடி நீளம், முப்பத்தாறு கட்டை. ஒவ்வொன்றின் மேலும் ஏறி மிதித்துக் காட்டினார். மனிதர் வேலையில் சுத்தம். இந்த வழக்கில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.

மறுநாள் மத்தியானம் ஊரே கூழ் குடிக்கப் போயிருந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி மரத்தோடு இருந்துவிட்டேன். பலகைக்குக் கீழே இருக்கும் முதல் கட்டையை, அடிப்பக்கத்திலிருந்து முக்கால் பங்கு அறுத்தேன். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பிலிருந்து எடுத்துவந்த ரம்பத் தகடு. வெட்டுவாயில் மெழுகை அப்பி மேலே மஞ்சள் பூசினேன். அந்தக் கட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏறும்போது கை மேலே பலகையைப் பிடித்துக்கொள்ளும், காலில் பாதி எடைதான் இருக்கும். இறங்கும்போது முட்டி வலிக்காரர் முழு எடையையும் அதன்மேல்தான் இறக்குவார். முப்பத்தாறு பாட்டையும் அவர் பாடி முடிக்க வேண்டும், பூ எறிய வேண்டும் என்று நான் விரும்பினேன். நூலில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நடிகரைப் பாதிப் பாட்டில் நிறுத்துவது அவமரியாதை.

அன்றைக்கு எல்லாம் முறைப்படி நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். தாலி தாம்பாளத்துக்குப் போனது. சென்னை அதிகாரி ஜீப்பில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜாக்கண்ணு ஏறினார். பத்தாவது கட்டைக்கு மேல் குரல் நடுங்கியது. இருபதுக்கு மேல் தெளிந்துவிட்டது. முப்பத்தாறாவது பாட்டில் அவர் அர்ச்சுனனாகவே ஆகிவிட்டார். என் நூலில் அபிநயத்தைப் பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. அந்த ஒரு பாட்டுக்கு அந்த நாற்பது பக்கமும் ஈடாகாது. உண்மையாகவே எனக்குக் கண் கலங்கியது. அதிகாரி என் பக்கம் குனிந்து, "இவர்தான் அவர். சந்தேகமே இல்லை" என்றார்.

பூ எறிந்தார். தவம் இருந்தார். பிறகு திரும்பி, இடது காலைக் கீழே இறக்கினார்.

விழுந்தவருக்கு உடனே உயிர் போகவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே கோணலாகக் கிடந்தார், கண் திறந்திருந்தது. கோபால்சாமி பாய்ந்து ஓடினார். இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டார். இறங்கி வந்தவர் பெயரைச் சொல்லும்வரை செத்தவர்தான் என்பது ஊர் முறை. பூசாரிக்கு அதுதான் முதல் கூத்து. அவருடைய அப்பா சென்ற வருஷம் இறந்திருந்தார். இவர் குனிந்து "நீ யாரு?" என்று கேட்டார். ராஜாக்கண்ணுவின் உதடு அசைந்தது. ரத்தம்தான் வந்தது.

"தூக்குங்கய்யா, ஜீப் இருக்கே" என்று அதிகாரி கத்தினார். பூசாரி சுற்றிலும் பார்த்தார். இப்படி ஒன்று அந்த ஊரில் நடந்ததே இல்லை. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது கெங்கம்மாள் எழுந்தாள். விரித்த தலையோடு, பூசாரியைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, நேரே என்னிடம் வந்தாள்.

"சார், தொடலாமாங்க? உங்க பொஸ்தகத்துல இன்னா போட்டிருக்குது?"

ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. தங்கள் வழக்கம் அச்சில் வந்துவிட்டதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. அம்சவல்லி படித்துக் காட்டிய நாளிலிருந்து அச்சில் இருப்பதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டிருந்தது.

"தொடக் கூடாதும்மா" என்றேன்.

"தண்ணி?"

"தண்ணியும் கூடாது."

அவள் திரும்பி நடந்தாள். அவர் பக்கத்தில் போய், தொடாமல் உட்கார்ந்தாள். புடவை முந்தானைகூட அவர்மேல் பட்டுவிடாமல் இழுத்துச் செருகிக்கொண்டாள். அதிகாரி என்னிடம் ஓடிவந்தார். இந்த ஊர் வழக்கத்தில் கை வைத்தால் கலவரமாகும், ஜீப்பைக் கொளுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். அரசாங்க ஊழியர். போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். கோபால்சாமி மட்டும், "உசுரு கீதுய்யா, உசுரு கீதுய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள்.

இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. கையில் கடிகாரம் இருந்தது. ராஜாக்கண்ணு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை என்னிடம் வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. வேஷம் கலையாத முகம்.

அதன் பிறகு ஒரு சிக்கல். அழுவதா வேண்டாமா என்று பெண்களுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே அழுது முடித்துவிட்டார்கள், வாய்க்கரிசியும் போட்டாயிற்று. ஒருவருக்கு இரண்டு சாவு கிடையாது என்று யாரோ சொன்னார்கள். அப்படியே எடுத்துப்போய் அந்தி சாய்வதற்குள் புதைத்தார்கள். கெங்கம்மாளின் தாலி தாம்பாளத்திலேயே இருந்தது.

மறுநாள் நீங்கள் வந்து விசாரித்து, குடிபோதையில் கால் தவறி விழுந்து இறந்தார் என்று அறிக்கை எழுதினீர்கள். நான் இங்கே வந்திருப்பது அதற்காகத்தான். மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மரம் ஏறுகிறவர் ஒன்பது நாள் விரதம் இருப்பார், கள் சாராயத்தை மோந்துகூடப் பார்க்க மாட்டார் என்று என் நூல் சொல்கிறது, அது உண்மையும்கூட. நாளைக்கு ஆராய்ச்சி செய்கிற ஒருவன் உங்கள் கோப்பையும் என் நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரை நம்புவான்? அரசாங்க முத்திரை இருப்பதைத்தான் நம்புவான். ஆகவே திருத்தி எழுதுங்கள். ராஜாக்கண்ணு குடிக்கவில்லை. கட்டையை நான் அறுத்தேன். தொட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் பதிப்பில் 1974 என்பதை 1982 என்றும், உயிர் பிரிந்த இடத்தில் பலகை என்பதை மண் என்றும் மாற்றினால் போதும், அத்தியாயத்தில் வேறு எந்த வரியிலும் கை வைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. சென்ற வாரம் கெங்கம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஆலங்காயத்துக்கு வந்தாள். கலைஞரின் விதவைக்கும் உதவித்தொகை உண்டாம். ஆனால் செத்தவர் அந்த ராஜாக்கண்ணுதான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

"அவரு செத்துட்டாருன்னு ஒரு வரி எய்திக் குடுங்க சார்" என்று கும்பிட்டாள்.

அவளை நான் அடுத்த வாரம் வா என்று அலைக்கழிக்கவில்லை. நல்ல காகிதமாக எடுத்து, நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு, கையெழுத்திட்டு உடனே கொடுத்தேன். கெங்கம்மாள் காலில் விழப் போனாள், தடுத்துவிட்டேன். அம்சவல்லி அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கப்பா உசுரோட இருந்தப்ப இந்தக் கை இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டாள். படிக்கிற பெண், அவளுக்குப் புரியும் என்று பொறுமையாகவே பதில் சொன்னேன். "கண்ணால் பார்க்காத எதையும் நான் எழுதுகிறவன் இல்லை, அம்மா."